சின்னப் பெட்டி பாய்

என் கைப்பேசியில் அவர் பெயர் 'சின்னப் பெட்டி பாய்'. சொந்தப் பெயர் தெரியாமல் இல்லை. ரசீதில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஆனாலும் இங்கே எழுதப்போவதில்லை. தன் பெயர் ஒரு வரியில் பாதியை அடைத்துக்கொள்வதைக்கூட அந்த மனிதர் விரும்பியிருக்க மாட்டார்.

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் எனக்குக் கம்ப்யூட்டர் கடை. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, கேட்பவர் கேட்கிற மாதிரி பொருத்திக் கொடுப்பேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் முதல்தடவை வந்தபோது கடையில் ஐந்து நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அவர் உள்ளே வரவில்லை. கதவைத் திறந்தால் இடிக்காத இடமாகப் பார்த்து, படியோரம் நின்றுகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, சுவரோடு ஒட்டி வைத்திருந்தார். செருப்பை அடுக்கி வைக்கிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"வாங்க பாய், உள்ள வந்து இருங்க" என்றேன்.

"இருக்கட்டும் தம்பி. நீங்க வேலையப் பாருங்க. நான் இங்கன நின்னுக்கிடுதேன்."

அரை மணி நேரம் நின்றார். அதற்குள் என் கடைக்கு வந்த மூன்று பேர் அவரைத் தாண்டிப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் வழிவிட்டு அவர் இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டிக்கொண்டார். கடைசியில் எனக்கே எரிச்சல் வந்து, எழுந்து போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தேன். உட்கார்ந்தார், நாற்காலியின் முன்விளிம்பில். பின்னால் இன்னோர் ஆள் உட்காரலாம் போலிருந்தது.

வீட்டு ஹாலில் மகன்கள் வாங்கி மாட்டிய பெரிய டிவி இருக்கிறதாம். அதோடு இணைத்து, பழைய வீடியோ பார்க்கவும் ஒலிப்பதிவுகள் கேட்கவும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமாம். விளையாட்டு வேண்டாம், கணக்கு வழக்கு வேண்டாம்.

"பெட்டி மட்டும் சிறுசா இருக்கணும் தம்பி. எம்புட்டுச் சிறுசா முடியுமோ அம்புட்டு."

"வைக்க எவ்வளவு எடம் இருக்கு?"

"எடமெல்லாம் நெறையக் கெடக்கு."

"பொறவு என்ன பாய்? நல்லாப் பெருசா வாங்கிப் போடுங்க. காத்து உள்ள போய் வரும், ஆயுசும் கூட."

"நமக்கு எதுக்கு தம்பி அம்புட்டு எடம்?"

இந்த வாக்கியத்தைப் பிறகு அவர் வாயால் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். டீக்கு பெரிய டம்ளர் நீட்டினால் இதுதான். வாழைப்பழத்தில் பெரியதாக எடுத்துக் கொடுத்தால் இதுதான். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பு வரும். எதையோ விட்டுக்கொடுத்த சிரிப்பு இல்லை. வாங்கிக்கொள்ளாமல் தப்பித்துவிட்ட ஒருவரின் சிரிப்பு.

கம்ப்யூட்டரின் உள்ளுறுப்புகளை வைக்கிற வெளிப்பெட்டியை நாங்கள் கேபினெட் என்போம். அவருக்காக ஐந்து கேபினெட்டுகளை மேசையில் வரிசையாக வைத்தேன். சாதாரணமாக வாங்க வருகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், முன்னால் எரியும் விளக்கைப் பார்ப்பார்கள். இவர் ஒவ்வொன்றையும் வலது கையில் தூக்கி, கண்ணை மூடி, எடையைச் சொன்னார்.

"இது ஆறு கிலோ. இது நாலரை. இது மூணேகால் இருக்கும்."

நான் வேடிக்கைக்காகத் தராசில் வைத்துப் பார்த்தேன். நூறு கிராம் முன்னே பின்னே, அவ்வளவுதான் வித்தியாசம். எப்படி பாய் என்று கேட்டேன்.

"ஏர்போட்டுல பெட்டிய எடை போடுவான்லா தம்பி. ரெண்டு கிலோ கூடிருச்சின்னா எல்லாரும் பாக்க அங்கனயே தொறந்து சாமானத்த வெளிய எடுக்கணும். மொதத் தடவ எனக்கு அப்படி ஆச்சி. பிள்ளைக்கி வாங்கின பொம்மையத்தான் எடுத்துப் போட்டேன். அதுல இருந்து தூக்கிப் பாக்காம ஒண்ணும் வாங்கதில்ல."

அப்படித்தான் அவர் சவூதியில் இருந்த கதை எனக்குத் தெரிய வந்தது. தம்மாமில் முப்பத்தோரு வருஷம். ஒரு அறையில் எட்டுப் பேர், அடுக்குக் கட்டில். அவருக்குக் கீழ்க்கட்டில். ஆளுக்கு ஒரு கட்டில் இடம், அதை 'பெட் ஸ்பேஸ்' என்பார்கள். உறங்குவதும் உண்பதும் உட்கார்ந்து கடிதம் எழுதுவதும் அதற்குள்தான். உடைமை எல்லாம் கட்டிலுக்கு அடியில் அடங்கவேண்டும். நீட்டிக்கொண்டிருந்தால் மற்றவர் காலில் இடிக்கும், சண்டை வரும். முப்பத்தோரு வருஷத்தில் தன்னால் ஒரு சண்டையும் வந்ததில்லை என்றார். அவர் பெருமையாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் கையில் கிடைத்த விஷயத்தை விடுகிற ஆள் இல்லை. சின்னப் பெட்டியின் சங்கடங்களை வரிசையாக எடுத்துச் சொன்னேன். உள்ளே சூடு தங்கும். காற்றாடி சிறியது என்பதால் வேகமாகச் சுற்றும், இரையும். பின்னால் ஏதாவது சேர்க்கவேண்டுமென்றால் இடமிருக்காது. எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில் இருந்த ஆகச் சிறியதைத் தொட்டார். டிபன் கேரியரில் ஒரு அடுக்கைத் தட்டையாக்கினால் இருக்குமே, அந்த அளவு.

"எட்டு ஆளு ஒரு ரூமுல இருந்தோம் தம்பி. நாலு சாமான் இதுக்குள்ள இருக்காதாக்கும்?"

பில் போட்டேன்.

அவரோடு ஒருதடவை பைக்கில் போனது நினைவுக்கு வருகிறது. பொருத்தி முடித்த கம்ப்யூட்டரை மேலப்பாளையத்தில் அவர் வீட்டில் மாட்டிக் கொடுக்கப் போனேன். ஏறி உட்கார்ந்தவர் எனக்கு நெருக்கடி கொடுக்கக் கூடாதென்று சீட்டின் கடைக்கோடிக்கு நகர்ந்துவிட்டார். முன்சக்கரம் தூக்குவது போல எனக்கு ஒரு பயம். "பாய், கிட்ட வாங்க, வண்டி கவுந்திரும்" என்று இரண்டு தடவை கத்தினேன். ஒரு விரற்கடை நகர்ந்தார். குலவணிகர்புரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. நாகர்கோவில் வண்டி போகும்வரை இருபது நிமிஷம் வெயிலில் நின்றோம். பக்கத்தில் ஒரு வேப்பமர நிழல் இருந்தது, அதில் ஏற்கெனவே நாலு பேர். வாங்க பாய் என்று நான் நிழலுக்குள் போனேன். அவர் வரவில்லை. பெட்டியை மார்போடு அணைத்தபடி வெயிலிலேயே நின்றார்.

"நாலு ஆளு நிக்காங்க, நீங்க அஞ்சி. ஆறாவதா நாமளும் போயி இடிக்கணுமா?"

எனக்கு இவர் மேல் ஒரு பிரியமும் எரிச்சலும் சேர்ந்தே இருந்தது. என் அப்பா கோயிலில் ஞாயிறு ஆராதனைக்கு உட்கார்ந்தால் இரண்டு பேர் இடத்தை எடுத்துக்கொள்வார், நானும் அப்படித்தான். இடத்தை எடுத்துக்கொள்வது ஒரு குற்றம் என்று யாருக்காவது தோன்றும் என்பதே எனக்குப் புதிது.

வீடு பெரியது. நான் மேலப்பாளையத்தில் எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன், இவ்வளவு பெரிய ஹாலைப் பார்த்ததில்லை. ஒரு சுவரில் மட்டும் மூன்று சன்னல். பந்தி போட்டால் ஐம்பது பேர் தாராளமாக உட்காரலாம். அதில் பாய்க்கு உரியது எது என்று தேடினால், மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கலான ஓர் இரும்புக் கட்டில். அதற்குக் கீழே ஒரு பெட்டி, தண்ணீர் பாட்டில், உடுத்துகிற சாரம் இரண்டு மடித்தபடி, ஒரு பால்மாவு டின். ஊருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. உள்ளே பெரிய அறையும் தேக்குக் கட்டிலும் உண்டு என்று பிறகு தெரிந்தது. புரண்டு படுத்தால் சுவர் தட்டுப்படவில்லை, உறக்கம் வரவில்லை என்று இங்கே வந்துவிட்டாராம்.

அவர் மனைவி அடுக்களை வாசலில் நின்று, "சாயா போடட்டா, சர்பத் கலக்கட்டா?" என்று கேட்டார். உயரமான பெண்மணி. கணவர் முப்பத்தோரு வருஷம் அங்கே இருக்க, இங்கே மனை வாங்கி, வீடு கட்டி, இரண்டு மகன்களையும் ஒரு மகளையும் கரையேற்றியவர். குரலில் அது தெரியும்.

நான் அட்டைப்பெட்டியிலிருந்து கம்ப்யூட்டரை எடுத்து வைத்தேன். அந்த அம்மா இரண்டு எட்டு முன்னால் வந்து பார்த்தார்.

"இம்புட்டுத்தானா?"

"ஆமா. எடத்த அடைக்காது" என்றார் பாய், ஒரு நல்ல செய்தியைச் சொல்வது போல.

அந்த அம்மா உள்ளே போய்விட்டார். சாயா வந்தது, கொண்டுவந்தது வேலைக்கார அக்கா.

டிவிக்குக் கீழே சுவரோடு புதிதாக ஓர் அலமாரி போட்டிருந்தார்கள். பாலீஷ் வாசனை இன்னும் போகவில்லை. மேல்தட்டுகளில் பீங்கான் சாமான்களும் பேரப்பிள்ளைகள் படமும். நட்டநடுவில் மட்டும் ஒரு பெரிய தட்டு காலி. இரண்டடி அகலம் இருக்கும், ஒன்றரை அடிக்கு மேல் உயரம். ஒரு பூப்போட்ட துணியை விரித்து வைத்திருந்தார்கள். பின்பக்கம் ஒயர் போக வட்டமாக ஒரு துளைகூட இருந்தது.

அந்தத் துளையை நான் பார்த்தேன். அதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. பீங்கான் வைக்கிற தட்டுக்கு யாராவது ஒயர்த் துளை போடுவார்களா? இருபது வருஷம் இதே தொழிலில் இருக்கிறவன் நான்.

"இங்கன வைக்கலாமே பாய். அம்சமா இருக்கும்."

"வேண்டாம் வேண்டாம்" என்று பதறினார். குரலைத் தணித்துக்கொண்டு, "அது அவ எதுக்கோ போட்டிருக்கா. நாம போயி அடைக்கக் கூடாது. டிவிக்குப் பொறத்தால மாட்ட முடியும்னு சொன்னியள்லா, அப்படியே மாட்டிருங்க தம்பி. கண்ணுக்குத் தெரியாம இருக்கட்டும்."

எனக்கு வண்ணார்பேட்டையில் இன்னொரு வேலை காத்திருந்தது. அடுக்களையைப் பார்த்து, 'அம்மா, இது எதுக்குப் போட்ட எடம்?' என்று ஒரு சத்தம் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கொடுக்கவில்லை. நாலு திருகை முடுக்கி டிவியின் முதுகில் பெட்டியை மாட்டிவிட்டு, சாயாவைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தப் பால்மாவு டின் பற்றிச் சொல்லவேண்டும். அதில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஒலிநாடாக்கள் இருந்தன. போனில் பேசுவது எட்டாத காலத்தில், வெளிநாடு போனவர்களுக்கு வீட்டிலுள்ளவர்கள் கேசட்டில் பேசிப் பதிந்து, ஊருக்கு வந்து திரும்புகிற யார் கையிலாவது கொடுத்துவிடுவார்கள். கடிதத்துக்குப் பதிலாகக் குரல். அவருடைய மனைவி வருஷக்கணக்காக அனுப்பிய அத்தனையையும் அவர் கட்டிலுக்கு அடியில் வரிசை மாறாமல் வைத்திருந்து, திரும்பி வரும்போது கொண்டுவந்திருந்தார். வேறு என்ன கொண்டுவந்தார் என்று கேட்டேன். எடை அதற்குத்தான் சரியாக இருந்தது என்றார்.

கம்ப்யூட்டர் வாங்கியதே அதற்காகத்தான். கேசட்டை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஹாலில் போட்டு, வீட்டில் உள்ளவர்களோடு உட்கார்ந்து கேட்கவேண்டும் என்பது அவர் ஆசை. "அவ பேசினத எல்லாம் நான் அங்கன தனியா இருந்து கேட்டேன். காதுல மாட்டித்தான் கேக்கணும், பக்கத்துல ஆளு ஒறங்குவான். ஒருக்கா அவளும் நானும் சேந்து இருந்து கேக்கணும் தம்பி" என்று என்னிடம் சொன்னார். என்னிடம் சொன்ன அளவுக்கு வீட்டில் சொன்னாரா என்பது அப்போது தெரியவில்லை. சொல்லவில்லை என்று இப்போது தெரியும்.

கேசட்டை ஏற்றுவது பொறுமையான வேலை. முழுதும் ஓடவிட்டுத்தான் பதியமுடியும். மத்தியான நேரங்களில் ஐந்தாறு கேசட்டாகக் கொண்டுவருவார். நான் என் பாட்டுக்கு வேலை பார்ப்பேன். அவர் ஸ்டூலில் இருந்து கேட்பார். அடுத்தவர் வீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்கிறோமே என்று எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்? பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது, ஆற்றில் வெள்ளம் வந்து வயலில் நின்றது, இளையவன் கணக்கில் தோற்றுவிட்டான், அடித்துவிட்டேன், நீங்கள் கோபப்படக்கூடாது. இப்படியே போகும். அதில் ஒன்று எனக்கு அப்படியே மனதில் நிற்கிறது. வீடு கட்டுகிற காலத்துக் கேசட். பின்னால் யாரோ மரம் அறுக்கிற சத்தம்.

"கொத்தனாரு இருவதடி போதும்னாரு. நான் கேக்கல. ஹாலு முப்பதடி போடச் சொல்லிட்டேன். சன்னலு ஒரு பக்கத்துக்கு மூணு. அங்கன எட்டுப் பேரோட முடங்கிக் கெடக்கியன்னு நெனச்சா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்கு. வந்த பொறவு நீங்க காலை நீட்டித் தாராளமா இருக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

நான் திரும்பிப் பார்த்தேன். பாய் ஸ்டூலுக்கு அடியில் காலை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன பாய், தாராளமா இருக்கியளா இப்பம்?" என்று கேலியாகக் கேட்டேன்.

"இருக்கேன் தம்பி. எடந்தான் அம்புட்டுக் கெடக்கே" என்று சிரித்தார்.

நான் சொன்ன சங்கடம் சித்திரை வெயிலில் வந்து சேர்ந்தது. பெட்டி சூடாகித் தானே அணைந்துபோனது. துணிப்பையில் போட்டுக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். திறந்து தூசி தட்டி, குளிர்விக்கிற பசையை மாற்றிப் போட்டேன். பெரிய கேபினெட் ஒன்றைக் காட்டி, உள்ளே இருப்பதை அப்படியே இதற்கு மாற்றித் தருகிறேன், ஒரு நாள் வேலைகூட இல்லை என்றேன்.

"வேண்டாம் தம்பி. நான் கேசட்டு ஒரு பக்கம் ஓடினதும் அணைச்சிருவேன். செத்த நேரம் மூச்சு விட்டுக்கிடட்டும். பொறவு மத்தப் பக்கம் போடுவேன்."

"சவத்த, இது என்ன ஆளா மாடா பாய்? மூச்சு விடதுக்கு!"

கோபத்தில்தான் சொன்னேன். அவர் அந்தப் பெட்டியைக் கையால் ஒருதரம் தடவி, பையில் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு எப்போதாவது வருவார். ஒரு ஒயர், ஒரு ரிமோட் பேட்டரி. நின்றபடியே வாங்கிக்கொண்டு போவார். நோன்புப் பெருநாளுக்கு ஒரு தூக்குச்சட்டியில் பிரியாணி வரும். எங்கள் வீட்டில் நாலு பேர் என்று தெரியும், ஆறு பேருக்கு இருக்கும். மற்றவருக்குக் கொடுப்பதில் அவருக்கு அளவு சின்னதாக இருந்ததே இல்லை. கிறிஸ்துமஸுக்கு நான் கேக் கொண்டுபோனால் வாசலிலேயே வாங்கிக்கொண்டு, உள்ளே வந்து இருங்க என்று கெஞ்சுவார். நான் உட்கார்ந்தால் அவர் நிற்பார். சொந்த வீட்டில் விருந்தாளியை உட்கார வைத்து, தான் இன்னொரு விருந்தாளி மாதிரி நிற்பார்.

போன வருஷம் ஐப்பசி மழையில் அவர் இறந்துபோனார். எனக்கு யாரும் சொல்லவில்லை. யாருக்கும் தோன்றியிருக்காது, நான் யார்? அப்புறம் மாசக்கணக்கில் நானும் நினைத்துப் பார்க்கவில்லை. ஒரு நாள் காலையில் கைப்பேசி அடித்தது. 'சின்னப் பெட்டி பாய்' என்று திரையில் வந்தது. "என்ன பாய், ஆளையே காணும்? பெட்டி திரும்பச் சுட்டுட்டா?" என்றேன் எடுத்த எடுப்பில்.

மறுமுனையில் அந்த அம்மாவின் குரல். நாற்பது கேசட்டில் கேட்ட குரல், எனக்கு யாரென்று சொல்லவேண்டியிருக்கவில்லை.

"தம்பி, அவிய மவுத்தாயிட்டாவ. இத்தா முடிஞ்சி இப்பத்தான் வெளிய பேசுதேன். ஒங்களுக்குச் சொல்லாம விட்டுப்போச்சி. அந்தக் கம்ப்யூட்டரு ஓட மாட்டேங்கு. வந்து பாக்கியளா?"

கணவர் இறந்தபின் நாலு மாதம் பத்து நாள் வெளியார் முன் வராமல் இருப்பதுதான் இத்தா. அத்தனை நாளும் எனக்கு ஒன்றும் தெரியாமல் கடையில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அப்போதே கிளம்பினேன். ரயில்வே கேட்டில் நிற்கும்போது அந்த வேப்பமர நிழலுக்குள் போக எனக்கு மனம் வரவில்லை.

ஹால் அப்படியே இருந்தது. படிக்கு அடியில் கட்டில் இல்லை. அது இருந்த இடத்துத் தரை மட்டும் கொஞ்சம் நிறம் மாறித் தெரிந்தது, அவ்வளவுதான். டிவியின் முதுகிலிருந்து பெட்டியைக் கழற்றினேன். தூசி அடைத்திருந்தது, வேறொன்றும் பெரிய பழுது இல்லை. துடைத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா சொன்னார்கள்:

"அங்கன வைங்க தம்பி."

காட்டியது அலமாரியின் நடுத்தட்டை. எட்டு வருஷமாகியும் அது காலியாகவே இருந்தது. துணி மட்டும் வேறு. வைத்தேன். அந்தப் பெரிய தட்டில் பெட்டி எங்கே இருக்கிறது என்று தேடவேண்டியிருந்தது.

"இது இதுக்குன்னுதான் போட்டது" என்றார்கள்.

நான் பின்பக்கத் துளை வழியாக ஒயரை இழுத்துக்கொண்டிருந்தேன்.

"கம்ப்யூட்டரு வாங்கப் போறேன்னு ஒரு நாளு சொன்னாவ. ரெண்டு வருசமா வீட்டுல அது வேணும் இது வேணும்னு ஒரு சொல்லு கேட்டதில்ல. வேணும்னு கேட்ட மொதச் சாமான் அதான். எனக்கு சந்தோசம் தாங்கல. எம்புட்டுப் பெருசு வாங்கினாலும் கொள்ளணும்னு ஆசாரியக் கூப்புட்டுப் போடச் சொன்னேன். ஹாலுக்குள்ள வாரவிய கண்ணுல மொதல்ல அதுதான் படணும், இது யாருதுன்னு கேக்கணும், அவியளுதுன்னு சொல்லணும்னு நெனச்சேன். நீங்க அதக் கொண்டாந்து வச்சிய. உள்ளங்கை அகலத்துல."

"நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா நான் சொன்னதுக்காவ வச்சிருப்பாவ தம்பி. இந்த வீட்டுல எல்லாம் நான் சொல்லி வச்சதுதான். இது ஒண்ணாவது அவியளா வைக்கட்டும்னு பாத்தேன்." சேலைத் தலைப்பால் முகத்தை ஒருதரம் துடைத்தார்கள். "அந்தக் கேசட்ட எல்லாம் டிவிக்குக் கிட்ட காதை வச்சுக் கேப்பாவ. வெளிய கேக்காது. எனக்குக் குசினிக்குள்ள இருந்து என் சத்தம் லேசா கேக்கும். கூப்புடுவாவ கூப்புடுவாவன்னு நானும் இருந்தேன். எனக்கு வேலை இருக்கும்னு அவிய கூப்புடல போல."

உங்களோடு சேர்ந்திருந்து கேட்கத்தான் அவர் அதை வாங்கினார் என்று நான் அப்போதுதான் சொன்னேன். எட்டு வருஷம் கழித்து. என் கடையில் ஒரு மத்தியானம் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அந்த அம்மா கேட்டுக்கொண்டு நின்றார்கள். அழவில்லை. சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குத்தான் கண் கலங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து, "இத விடப் பெரிய பெட்டி இருக்கா தம்பி? உள்ள இருக்கத எடுத்து அதுல மாத்த முடியுமா?" என்று கேட்டார்கள்.

"முடியும்மா."

"இந்த எடம் நெறையதாப் பாத்து வாங்கிட்டு வாங்க."

மறுநாளே கொண்டுபோனேன். அலமாரித் தட்டைக் கணக்காக அளந்து, கடையிலேயே பெரிய கேபினெட்டாக எடுத்தேன். கிளம்புவதற்கு முன் வலது கையில் தூக்கிப் பார்த்தேன். எனக்கு எடை சொல்ல வரவில்லை.

ஹாலில் வைத்தே மாற்றினேன். சின்னப் பெட்டியைத் திறந்து, பாகங்களைத் தாங்குகிற மதர்போர்டுப் பலகையை எடுத்துப் பெரியதற்குள் வைத்தேன். அந்த அளவு போர்டுக்குப் பெரிய கேபினெட்டில் மேல் மூலையில்தான் திருகுக் குழிகள் பொருந்தும்; நடுவில் வைக்க வழி கிடையாது. நாலு திருகை முடுக்கினேன். ஒயரைச் சொருகினேன். டிவியில் படம் வந்தது, காற்றாடி சுற்றுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. தூக்கி, திறந்த பக்கம் முன்னால் தெரிய நடுத்தட்டில் வைத்தேன். தட்டு நிறைந்து அம்சமாக இருந்தது. பக்கத் தகட்டை எடுத்து மூடப்போனேன்.

"செத்த இருங்க" என்று அந்த அம்மா கிட்டே வந்து குனிந்து உள்ளே பார்த்தார்கள். அந்தப் பெரிய பெட்டிக்குள் முக்கால்வாசி வெறும் இடம். மேல் மூலையில், சுவரோடு ஒட்டி, அந்தச் சின்னப் பலகை.

"இதுக்குள்ளயும் ஓரமாத்தானே இருக்கு" என்றார்கள்.

தகடு என் கையிலேயே இருந்தது. மூடுங்கள் என்று சொல்வார்கள் என்று நின்றேன். அவர்கள் தரையிலேயே உட்கார்ந்து, முதல் கேசட்டைப் போடச் சொன்னார்கள், சத்தமாக. போட்டுவிட்டு, தகட்டைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பெட்டி திறந்தபடியே இருக்க நான் வெளியே வந்து செருப்பை மாட்டினேன்.